கடைசி வண்டிக்குப் பின்னால்

ரெனிஷா முஷ்டியைத்தான் காட்டினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாலைவனத்து மண்பாதையில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போகும்போது ஒரு வழக்கம் உண்டு. தன் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்ட வேண்டும். இரண்டு விரல் என்றால் இரண்டு வண்டி. விரல்களை மடக்கி முஷ்டி காட்டினால், நான்தான் கடைசி, எனக்குப் பின்னால் யாருமில்லை, தாராளமாகப் போங்கள் என்று அர்த்தம். வளைவுகளில் முட்டிக்கொண்டு சாகாமல் இருக்க யாரோ புண்ணியவான்கள் ஏற்படுத்தி வைத்த முறை. குடும்பம் குடும்பமாக வண்டியோட்ட வந்த அவர்கள் கூட்டத்தில் ரெனிஷாவின் வண்டிதான் கடைசி. அதனால் முஷ்டி.

நாலு சக்கர பைக்கில் வந்த அந்த வெள்ளைக்காரக் கிழவர் அவளுடைய முஷ்டியைப் பார்த்தார். பிறகு அவள் வண்டிக்குப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லை என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டி, கையுறை போட்ட ஒற்றை விரலைத் தூக்கினார். அதன் பிறகு அவள் வந்த பாதையிலேயே போயிருக்க வேண்டிய மனுஷன், பாதையை விட்டு இறங்கி, டயர் படக்கூடாத புதர்க்காட்டுக்குள் பைக்கை விட்டு, பெரிய அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"பாதையை விட்டு இறங்கினா ஃபைன் போடுவான்னு தெரியாதா இந்தாளுக்கு" என்றாள் ரெனிஷா, வாய்விட்டே. வண்டியில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கண்ணாடியில் தூசிதான் தெரிந்தது. அவள் வண்டி கிளப்பிய தூசி, இறங்கு வெயிலில் மஞ்சள் நிறமாகி, பின்பக்கக் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு கூடவே வந்தது. மணலுக்காக டயர்களில் பாதிக் காற்றை இறக்கியிருந்ததால் வண்டி மெத்தையில் நடப்பது போல் அமுங்கி அமுங்கிப் போக, அடியில் சரளைக்கல் பட்டுப் பட்டுத் தெறிக்க, ஏசி வழியாக உள்ளே நுழைந்த சுண்ணாம்பு வாசனை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வண்டியின் பின்முனையில் நீளக் கம்பியில் கட்டியிருந்த ஆரஞ்சுக் கொடி மட்டும் காற்றில் விசில் அடித்துக்கொண்டே வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு வண்டி தெரியாவிட்டாலும் கொடி தெரிய வேண்டும் என்பதற்காக எல்லா வண்டியிலும் அப்படி ஒன்று உண்டு.

கடைசி வண்டி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது அவளேதான். பிளசன்டனில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது புருஷன் கிரிஸ், "ஃப்ரீவேல லேன் மாத்தவே நீ நாலு எக்ஸிட் யோசிப்ப. மணல்ல ஓட்டப் போறியாக்கும்" என்று சிரித்திருந்தான். உன்னால் முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. கூட்டத்தை நடத்திப் போகும் சாந்தகுமார் அங்கிள் காலையில், "கடைசி வண்டிக்குக் கொஞ்சம் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்மா. தூசி பூரா உன் மேலதான் வரும்" என்று இழுத்தபோதும், "வரட்டும் அங்கிள். துடைச்சுக்கறேன்" என்று முடித்துவிட்டாள். மகள் ஜெபினா மட்டும் அம்மாவோடு வர மாட்டேன் என்று சாந்தகுமார் அங்கிளின் முதல் வண்டியில் ஏறிக்கொண்டது. அங்கே அவர் மனைவி யூனிஸ் ஆன்ட்டியின் மடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தது; நாலாங்கிளாஸ் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவா நாய்க்குட்டியா என்றால் நாய்க்குட்டிதான்.

ரெனிஷா வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவின் பட்டனை அழுத்தினாள். "அங்கிள், எதிர்ல வந்தவர் என் பின்னாடி ஒரு வண்டி வருதுன்னு காட்டிட்டுப் போறார்."

"அது நம்ம சேனாபதியா இருக்கும்மா" என்றார் சாந்தகுமார். "லிவர்மோர்ல இருந்து கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்னு நேத்தே சொன்னான். அவன் என்னிக்கு டைமுக்கு வந்திருக்கான். ரூல் தெரியும்ல? பாதைல பிரிவு வந்தா நின்னு, பின்னாடி இருக்கறவன் உன்னைப் பார்த்தானான்னு பாத்துட்டுத் திரும்பு. உன் பின்னாடி வர்றது உன் பொறுப்பு."

எதிர்பார்த்த பதில்தான். அவர்கள் கூட்டத்தில் எந்தச் சர்ச் பிக்னிக் ஆனாலும், பிறந்த நாள் ஆனாலும், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது சேனாபதியின் கார் வந்து நிற்கும். இன்றைக்குக் காலை வேலையிலும் அவன் இல்லை.

அது நல்ல வேலை. வண்டி ஓட்டுகிறவர்கள் பாலைவனத்தைப் பாழாக்குகிறார்கள் என்ற பேச்சு இருப்பதால், வருஷத்துக்கு ஒரு நாள், பாலைவனத்தைப் பராமரிக்கும் அரசாங்க நில அலுவலகத்துக்குக் கைகொடுப்பது கூட்டத்தின் வழக்கம். மலையிலிருந்து இறங்கும் ஒரு வறண்ட ஓடையில் பழைய வண்டிப்பாதை ஒன்று இருந்தது. ஆமைகள் முட்டையிடும் இடம், வண்டி போகக் கூடாது என்று எப்போதோ மூடிய பாதை. பலகை வைத்தால் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகிறார்கள் என்பதால் அலுவலகத்தார் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மண்ணைக் கிளறி, தடத்தை வாரியால் கலைத்து, காய்ந்துபோன புதர்களைக் கொண்டுவந்து, அங்கேயே முளைத்தவை போல் நெட்டுக்குத்தலாக நட்டுவிடுவது. கண்ணுக்குப் பாதை தெரியாவிட்டால் வண்டி வராது. காலை முழுவதும் ஆறு குடும்பமும் செத்த புதர்களை நட்டது.

வேலையை மேற்பார்த்த ரேஞ்சர் அம்மாள் அதிகம் பேசாதவர். இது எந்த வண்டியின் தடம் என்று ஜெபினா கேட்டபோதுதான் ரெனிஷாவும் கவனித்தாள். மூடிய பாதையில் புதுத் தடம் இருந்தது. எல்லாம் ஓடையிலிருந்து வெளியே வந்த தடம். உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை. வருஷா வருஷம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் வேறு பக்கம் போய்விட்டார். போகும்போது, ஓடையின் வாயில் ஒரு வண்டி அகலத்துக்கு இடம் விட்டுவிடுங்கள், எப்போதும் விடுவதுதான் என்றார். ரெனிஷாவுக்கு அது ஆகவில்லை. அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது. வண்டி அகலத்துக்கு இடம் விட்டால் வண்டி வராமல் என்ன செய்யும்? ரேஞ்சரின் டிரக் மறைந்ததும் தானே புதர்களைத் தூக்கிவந்து அந்த இடைவெளியையும் நட்டு அடைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. அங்கே ஒரு பாதை இருந்ததென்று பெற்றவள்கூடச் சொல்ல மாட்டாள்.

முதல் பிரிவு வந்தது. முன்னால் போன வண்டிகள் இடப்பக்கம் திரும்பி மேட்டுக்கு அப்பால் மறைந்திருந்தன. கொடிகள் மட்டும் தெரிந்தன. ரெனிஷா நின்று எஞ்சினை அணைத்தாள். அணைத்ததும் பாலைவனம் முழுவதும் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது போல் அப்படி ஒரு அமைதி. சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறியது. அவளுடைய தூசி மேற்குக் காற்றில் கலைந்து பக்கவாட்டில் நகர்ந்து போய்விட்டது.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு தூசி நின்றுகொண்டிருந்தது.

அது நகரவில்லை. அதே காற்று அதன் மேலும் அடித்தது, பக்கத்துப் புதர்கள் ஆடின, தூசி மட்டும் அசையாமல் பாதையின் குறுக்கே நின்றது. உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. ரெனிஷாவுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஹாரன் அடித்தால் இந்தச் சேனாபதி என்ன குறைந்தா போய்விடுவான்? ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இடது பக்கம் காட்டினாள். பிறகு கிளம்பித் திரும்பினாள். கண்ணாடியில் அந்தத் தூசியும் திரும்பியது.

"எல்லாரும் இருக்கீங்களா?" சாந்தகுமார் அங்கிள் ரேடியோவில் கூப்பிட, ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். கடைசியில் அவள் முறை. "பின்னாடிதான் இருக்கேன்" என்றாள்.

அதற்கும் பிறகு ரேடியோவில் ஒரு க்ளிக்.

யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார்கள். பேசவில்லை. ரெனிஷாவின் காது தானாக அதற்குள் போனது. ஆஸ்பத்திரி ஐ.சி.யூவில் வென்டிலேட்டர் பார்ப்பது அவள் வேலை; மற்றவர்கள் மூச்சைக் கேட்டே அவளுக்குப் பாதி ஆயுசு போயிருக்கிறது. ரேடியோவில் யார் பட்டனை அழுத்தினாலும் பேச்சுக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்கும். சாந்தகுமார் அங்கிளுக்கு மூக்கடைப்பு, யூனிஸ் ஆன்ட்டிக்குச் சின்ன இளைப்பு. இதில் ஒன்றும் இல்லை. திறந்த மைக், காற்றின் இரைச்சல், அந்த இரைச்சலுக்கு நடுவே மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம்.

"சேனாபதி?" என்றாள்.

க்ளிக். போய்விட்டது.

இரண்டாவது பிரிவில் நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ரூல் ரூல்தான், முதல் தடவை கடைசி வண்டி ஓட்ட வந்தவள் பின்னால் வந்தவனைத் தொலைத்துவிட்டாள் என்று பெயர் வாங்கவா? நின்றாள். மழை வாசனை அடித்தது. வானத்தில் மேகத்தின் துணுக்குக்கூட இல்லை, தரை வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது, ஆனாலும் முதல் மழைக்குப் பிறகு பாலைவனத்துப் புதர்களில் கிளம்புகிற அந்தக் கசப்பு வாசனை பின்பக்கமிருந்து வந்து வண்டியை நிரப்பியது. காலையில் வேரோடு பிடுங்கிய புதர்களைத் தூக்கும்போது அவள் கைகளில் இருந்த அதே வாசனை.

தூசி இப்போது பக்கத்தில் வந்திருந்தது. மேலே ஒரு கொடி முளைத்திருந்தது. ஆரஞ்சு நிறம். உள்ளே இருந்தது இப்போது கறுப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. சேனாபதியின் வண்டி சிவப்பு.

ரெனிஷாவின் வண்டிதான் வெள்ளை.

அவள் கை காட்டவில்லை. அவசரமாகத் திரும்பிப் போனாள். அதற்குக் கை காட்ட வேண்டிய தேவையும் இல்லாமல் போயிருந்தது.

பாதை மேடேறியது. உச்சியில் செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம். அவள் போன் இருமுறை முனகியது. அதைப் பார்ப்பதற்குள் யூனிஸ் ஆன்ட்டியின் குரல் ரேடியோவில் வந்தது. "இந்தச் சேனாபதியைப் பாத்தீங்களா. மூணு மணிக்கே மெசேஜ் போட்டிருக்கான். பையனுக்கு ஜுரமாம், வரலையாம். நமக்கு இப்பத்தான் வருது."

ரெனிஷா பிரேக்கை மிதித்தாள்.

உச்சியிலிருந்து பார்த்தால் வந்த வழி முழுவதும் தெரியும். மத்தியானம் எல்லோரும் இறங்கி நின்று போட்டோ எடுத்த இடம். சமவெளியில் வெளிறிய கோடாகப் பாதை நெளிந்து போவதை ஜெபினா விரலால் வரைந்துகூடக் காட்டியது. இப்போதும் அந்தக் கோடு இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் நின்ற அந்தத் தூசி வரைக்கும் இருந்தது. தூசிக்குப் பின்னால் இல்லை. அங்கே புதர்கள் நின்றன. நெட்டுக்குத்தலாக. இலையில்லாமல். அவர்கள் சற்று முன் ஓட்டிவந்த பாதை, வண்டியே காணாத காடாகக் கிடந்தது.

நாம் அதற்குச் செய்ததை அது நமக்குச் செய்துகொண்டே வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைப் போடி பைத்தியம் என்று தள்ளப் பார்த்தாள். தள்ள முடியவில்லை.

"அங்கிள், எங்கயும் நிக்காதீங்க. வேகமா போங்க. என் பின்னாடி வர்றது சேனாபதி இல்ல. அது வண்டியே இல்ல."

"என்னம்மா, டயர்டா இருக்கியா? தூசிதான் அது. வெயில்ல அப்படித்தான் தெரியும்."

"அங்கிள், நான் சொல்றதைக் கேளுங்க. ஜெபினா உங்க கூடத்தானே இருக்கா?"

"மடியில நாய வச்சுட்டுத் தூங்குது. நீ நிதானமா வா. எல்லாரும் இருக்கீங்களா? ரெனிஷா, நீ?"

அவள் வாயைத் திறந்தாள். பட்டனை அவள் இன்னும் அழுத்தவில்லை.

"பின்னாடிதான் இருக்கேன்" என்றது ரேடியோ.

அவளுடைய குரல். நாகர்கோவிலில் பிறந்து, சென்னையில் படித்து, பிளசன்டனில் தேய்ந்த அதே குரல். முன்னால் மூச்சு மட்டும் இல்லை.

"குட்" என்றார் சாந்தகுமார்.

அவள் கத்தினாள். அது நான் இல்லை என்று பட்டனை அழுத்தி அழுத்திக் கத்தினாள். பேச்சு போகிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. முன் வண்டிகளில் யாரோ பிரியாணி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவளுடைய கத்தல் எங்கேயும் இல்லை.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. ஐ.சி.யூவில் பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட உயிர்களை விடிய விடியப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் அவள். ஒரு தூசிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பாளா? யோசித்தாள். அதற்கென்று ஒரு பாதை இருந்தது. அதன் வாயை அடைத்தது நான். என் கையாலேயே அடைத்தேன். அடைத்தவளே திறந்துவிட்டால் போயிற்று. ஓடையின் வாய் இதே சுற்றுப்பாதையில்தான், இறக்கம் முடிந்ததும் வலப்பக்கம். எல்லோரும் அதைத் தாண்டித்தான் தார் ரோட்டுக்குப் போகிறார்கள். முன்னால் இருப்பது போகிற வழியில்தானே பின்னால் இருப்பது வரும்? ரூல் அதுதானே?

"வா" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "என் பின்னாடி வர்றது என் பொறுப்பு. நீ என் கூட வா. என் பிள்ளை பக்கம் நீ போகப்படாது."

இறக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போனாள். முன் வண்டிகளின் கொடிகள் வளைவில் மறையும்வரை காத்திருந்தாள். சூரியன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. நிழல்கள் நீண்டு பாதையின் குறுக்கே விழுந்தன. பின்னால் அது வந்தது. இடைவெளி குறைந்திருந்தது. தூசி ஏறக்குறைய இல்லை. வெள்ளை வண்டி. ஆரஞ்சுக் கொடி. கூரைமேல் அவள் கட்டியிருந்த அதே நீலத் தண்ணீர் கேன். அதன் முன்கண்ணாடியில் சாயங்காலச் சூரியன் பட்டுத் தகதகத்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை.

ஓடையின் வாய் வந்தது. வண்டியைத் திருப்பி, காலையில் நட்ட புதர்களின் மேல் ஏற்றினாள். ஆமைப் பாதை, மூடிய பாதை, ஃபைன், கேஸ், எது வந்தாலும் வரட்டும். முன்பம்பரில் பட்டுக் கிளைகள் எலும்பு போல் முறிந்தன. கசப்பு வாசனை குப்பென்று ஏறியது. ஓடைக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றாள். நின்று பார்த்தாள்.

வெள்ளை வண்டியும் வாயில் வந்து நின்றது.

உள்ளே வரவில்லை.

அதன் ஜன்னல் இறங்கியது. ஒரு கை வெளியே வந்தது. அவள் போட்டிருக்கும் அதே கறுப்புப் பட்டை வாட்ச். அந்தக் கை நீண்டு, மற்ற வண்டிகள் போன திசையைக் காட்டியது. இந்தப் பக்கம். இந்தப் பக்கம்.

பிறகு அது கிளம்பி, அந்தப் பக்கமே போனது.

ரெனிஷா ரிவர்ஸ் போட்டாள். சக்கரம் சுழன்றது. வண்டி பின்னால் போகவில்லை. எதிலோ முட்டி நின்றது. திரும்பிப் பார்த்தாள். அவள் நசுக்கிக்கொண்டு வந்த புதர்கள் நசுங்கவில்லை. நின்றன. நெருக்கமாக, நேராக, அவள் நட்டதைவிட நேர்த்தியாக. அவள் வந்த டயர் தடம்கூட இல்லை.

"சரி" என்றாள். கியரை மாற்றினாள். "பின்னாடி இல்லைன்னா முன்னாடி."

ஓடைக்குள் மேலே ஓட்டினாள். பாறைகள் அடியில் உரசின. ஒரு பக்கம் சாய்ந்தது. கவிழும் என்று நினைத்தாள். கவிழவில்லை. கரை தாழ்ந்த இடம் பார்த்து, எஞ்சின் அலற, மணலை வாரி இறைத்து, ஏறினாள். ஏற முடியாது என்று கிரிஸ் சொல்லியிருப்பான். ஏறினாள். மேட்டு விளிம்புக்கு வந்தாள்.

கீழே தார் ரோடு தெரிந்தது. ரோட்டோரத்தில் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. மண்பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறுவதற்கு முன், இறக்கிய காற்றை மறுபடி டயர்களில் அடைக்க வேண்டும். அதற்காக எல்லோரும் இறங்கியிருந்தார்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸர்கள் ஒன்றாக இரைந்தன. சாந்தகுமார் அங்கிள் குனிந்து சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தார். யூனிஸ் ஆன்ட்டி பேப்பர் டவலால் நாய்க்குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெபினா. ஊதா சட்டை. கையில் ரேடியோ.

வரிசையின் கடைசியில் வெள்ளை வண்டி நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

"மாம்?" ரேடியோவில் ஜெபினா. "பப்பி த்ரூ அப் ஆன் மை ஷூஸ். கேன் ஐ கம் வித் யூ நவ்?"

"ஜெபி, போகாத. அது நான் இல்ல. அங்கிள் கிட்ட போ. ஜெபி, அம்மா மேல இருக்கேன், மேல பாரு."

பச்சை விளக்கு எரிந்தது. கீழே ஜெபினா ரேடியோவைக் காதோரம் வைத்தபடி காத்திருந்தது.

பிறகு ரேடியோவில் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே. வெளியே. நிதானமான, ஆழமான மூச்சு. பிழைத்து எழுந்த நோயாளியின் முதல் நல்ல மூச்சு அப்படித்தான் இருக்கும்.

"வாடி தங்கம்" என்றது அவளுடைய குரல்.

ரெனிஷா விளிம்பிலிருந்து வண்டியை இறக்கினாள். பாதை இல்லை. சரிவு. கல். ஹாரனை உள்ளங்கையால் அழுத்தி எடுக்காமல் இறங்கினாள். லைட்டைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். யாரும் நிமிரவில்லை. கம்ப்ரஸர்கள் இரைந்தன. ஜெபினா ஒற்றைக்காலில் நொண்டி, ஷூவைக் கையில் பிடித்தபடி வெள்ளை வண்டியை நோக்கி நடந்தது. கதவு உள்ளிருந்து திறந்தது. ஜெபினா எட்டி ஏறியது. கதவு சாத்திக்கொண்டது.

கம்ப்ரஸர்கள் நின்றன. வண்டிகள் ஒவ்வொன்றாக ரோட்டில் ஏறின. வெள்ளை வண்டி கடைசியாக ஏறியது.

ரெனிஷா சமவெளிக்கு வந்துவிட்டாள். புதர்கள் வழிமறித்தன. மோதினாள். கண்ணாடி விரிசல் விட்டது. நிற்கவில்லை. ஒரு கொடி முறிந்து விழுந்தது, அவளுடையது. நிற்கவில்லை. "என் பிள்ளைடி அது" என்று கத்திக்கொண்டே மிதித்தாள். தூரம் குறைந்தது. நிச்சயமாகக் குறைந்தது. வெள்ளை வண்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஜெபினாவின் முகம் தெரிந்தது. சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக அவளைத்தான் பார்த்தது.

"மாம்" என்றது ரேடியோ. "சம்படி இஸ் ஃபாலோயிங் அஸ்."

மூச்சு. உள்ளே. வெளியே.

"வரட்டும். நாம நிக்க வேண்டாம்."

ஜெபினா கொஞ்ச நேரம் பின்னால் துரத்தி வந்த அந்தத் தூசியையே பார்த்தது. பிறகு திரும்பி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டது.